இளவேனிலுக்கு ஒரு மெல்லிய மணம்

(எமது சங்கத்தின் இலண்டன் கிளையினர் நடத்திய வசந்தகால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு வருடத்தில் பேச அழைத்தீர்கள். கல்லூரியின் வரலாற்றைச் சொல்ல எங்களைவிட மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வகுப்பைச் சேர்ந்த நால்வர் கடந்த ஏப்ரலில் சென்ற் வாங்கப் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். சென்ற் பூசிக்கொண்டு வந்தால் கிணற்றடிக்குக் கழுவ அனுப்பப்பட்ட பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்!

நாங்கள் 1993இல் சாதாரணதரம் எழுதியவர்கள். பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயும் சீருடையை மாடு வந்து சப்பும். அதற்குக் காவல் இருப்பதும் ஒரு வேலை. அந்த வருடம் எங்கள் தோழி ஒருத்தியிடம் சுண்டுவிரல் அளவில் ஒரு சென்ற் போத்தல் இருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சோதனைக்குப் போகும் காலை எங்கள் ஒவ்வொருவரின் கைக்குட்டையிலும் ஒரு துளி விட்டாள். ஆசிரியை வந்து நின்றா, மூக்குச் சுருங்கியது. எங்களுக்கு உயிர் போய்விட்டது. அவ ஜன்னலைத் திறந்துவிட்டு, "நல்லா எழுதுங்கோ பிள்ளையள்" என்றுவிட்டுப் போனா.

அந்தத் தோழிக்குத்தான் கடந்த வருடம் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. கீமோ கொடுக்கும்போது பலருக்கு மணமும் ருசியும் மாறிப்போகும். அவளுக்குத் தாளித வாசம் வந்தாலே குமட்டல். நாங்கள் பார்க்கப் போகும்போது பவுடர்கூடப் போடாமல், சமைக்காத உடுப்போடு போவோம். தைப்பொங்கலுக்குப் பொங்கலை வாசலுக்கு வெளியே நின்று சாப்பிட்டோம். சிகிச்சை முடிந்து சில மாதங்களின் பின் ஒரு நாள் தொலைபேசி எடுத்தாள்: "எனக்கொரு சென்ற் வேணும். மெல்லிசா, பூ மணமா. மற்றாக்களுக்கு மணக்கவேண்டாம்."

கடைக்குப் போனோம். தெரியாதவர்களுக்காகச் சில விடயம் சொல்கிறோம். ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் முகர வேண்டாம், மூக்குக் களைத்துவிடும். கடையில் கோப்பிக் கொட்டை வைத்திருப்பார்கள், அதை முகர்ந்தால் மூக்குத் தெளியும் என்பார்கள். எங்களுக்குப் பசிதான் வந்தது. சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தாலே போதும். காகிதத் துண்டில் பிடித்ததை மட்டும் தோலில் போடுங்கள், தேய்க்காமல் காயவிடுங்கள். முதலில் வருவது எலுமிச்சை, தோடை மாதிரியான மணம். அது சீக்கிரம் பறந்துவிடும். பூ அதற்குப் பிறகுதான் வரும். அடியில் கிடக்கும் சந்தனமோ கஸ்தூரியோ வர மணிக்கணக்காகும். ஆகவே கடையில் நின்றபடியே காசு கொடுக்காதீர்கள். ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

முதலில் மல்லிகையைக் கொடுத்தோம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தோம். அவள் முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது கோயில். செத்தவீடும் இதுதான். எனக்கு இப்ப இரண்டும் வேண்டாம்." மல்லிகையின் மணத்தில் இந்தோல் என்றொரு பொருள் உண்டு. தனியே எடுத்தால் அந்துருண்டை மாதிரி இருக்குமாம், மலத்திலும் உள்ளதாம். அந்தக் கனம் இல்லாவிட்டால் அது மல்லிகையே அல்ல. நல்ல பூதான், ஆனால் மெல்லிய பூ அல்ல. ரோசாவைக் கேட்டால் கலியாணவீட்டுப் பன்னீர்ச் செம்பு என்றாள். மூன்றாவது நல்ல சுத்தமான மணம், எங்களுக்குப் பிடித்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற திரவத்தின் மணமாம். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. ஒருத்தி வெளியே கூட்டிப்போய் வாங்கில் இருத்தினாள். திரும்பிப் போவோமா என்று கேட்டோம். "இன்னும் ஒண்டு கிடக்குத்தானே" என்றாள்.

அந்த நாலாவது, லில்லி ஒஃப் த வலி என்கிற பூவின் மணம். இங்கே வசந்தத்தில் நிழலடியில் பூக்கும், சின்னச் சின்ன வெள்ளை மணிகள். பிரான்சில் மே 1ஆம் திகதி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். பாரிஸில் இருக்கும் சகோதரிகளுக்குத் தெரியும். (செடி நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது.) விசேஷம் என்னவென்றால், இந்தப் பூவிலிருந்து வாசனைத் தைலம் எடுத்து வியாபாரம் பண்ண முடியாது. போத்தலில் இருப்பது பூவே அல்ல, பூவைப் பார்த்து மனிதர் கட்டியது. 1956இல் வந்த டியோரிசிமோவைச் செய்த எட்மொண்ட் ருட்னிட்ஸ்கா, அதற்காகத் தன் தோட்டத்தில் அந்தச் செடியை நட்டு முகர்ந்து முகர்ந்து வேலை செய்தவர். இதே மணத்துக்குப் பலரும் சேர்த்துவந்த லிலியல் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடைசெய்தது. பழைய போத்தலும் புதியதும் ஒன்றுபோல் இல்லையே என்று யாராவது குறைப்பட்டால், அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவள் மணிக்கட்டில் ஒரு தரம் அடித்தோம். முகர்ந்தாள், கண்ணை மூடவில்லை. "இதில ஒருத்தரும் இல்லை," என்றாள். எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஊரில் அந்தப் பூ இல்லை. அம்மா இல்லை, கோயில் இல்லை, பனங்காய் இல்லை, வார்ட்டும் இல்லை. பழையது எதுவும் ஏறாத மணம்.

அன்று வாங்கவில்லை. மறுநாள் காலை எடுத்தாள். "சட்டைக் கையில இன்னும் கிடக்குதடி. எனக்கு மணக்குது." அந்த இரண்டாவது வசனத்தை மூன்று தரம் சொன்னாள். பின்னேரமே நால்வரும் காசு போட்டு 50 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மெல்பேண், சிட்னிச் சகோதரிகளுக்கு வசந்தம் செப்டெம்பரில்தான் வரும், அவசரமில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு வெயிலில் எந்த மணமும் வேகமாக எழும்பும், ஒரு துளி போதும்.

அவள் இன்று வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசை. பெயர் சொல்லவேண்டாம் என்று கட்டளை. சாப்பாட்டு நேரத்தில் நன்றாகக் கிட்டப் போனால்தான் மணக்கும். போய்ப் பாருங்கள், கோபிக்கமாட்டாள்.