விமானத்தில் ஏறாத கருவி



விமானம் எழும்போது நம் காலனியில் யாவரும் அண்ணாந்து பார்க்கின்றோம். அதன் இறக்கையைத் தாங்கிப் பொருத்திய 'ஜிக்' என்னும் எஃகுச் சட்டமோ பணிமனையிலேயே நின்றுவிடுகின்றது. அதனை வரைவதே கருவி வடிவமைப்பாளராகிய எங்கள் தொழில். ஓர் உறுப்பில் நேர்ந்த பிழை அவ்வுறுப்போடு ஒழியும். ஜிக்கில் நேர்ந்தது அதிலிருந்து இறங்கும் ஒவ்வோர் இறக்கைக்கும் செல்லும்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 5 மீட்டர் நீள அலுமினியத் தகடு ஏறத்தாழ 1.15 மில்லிமீட்டர் நீளும். எஃகுச் சட்டம் 0.6 மில்லிமீட்டரே நீளும். காலையில் பொருந்திய துளை நண்பகலில் விலகி நிற்கும். பெங்களூர்க் குளிரை நீங்கள் போற்றுகின்றீர்கள். நாங்கள் வெப்பமானியையே நம்புகின்றோம்.

இம்மியளவுதானே என்பீர்கள். தொலைவிலுள்ள விமானத் தளத்தில் பழுதுற்ற பாகத்தைக் கழற்றி, இங்கிருந்து சென்ற புதியதைப் பூட்டுவர். அங்கே அரத்தால் தேய்த்துச் சரிசெய்யப் பொழுது ஏது?