கேள்விக்குறியாக மாறும் தமிழ்: கோப்பு அனுப்பும்முன் பார்க்க வேண்டியவை



குற்றால அருவியில் தண்ணீர் கூடினால், ‘குளிக்கத் தடை’ என்ற அறிவிப்பு உடனே நம்ம போனுக்கு வந்தாகணும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டீங்க. அப்படியொரு நேரத்தில் அறிவிப்பு படிக்கவே முடியாத எழுத்துகளாக வந்தால் என்ன பயன்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலைத்தான் குறியாக்கம் என்கிறோம். ஒரு கணினி ஒரு பட்டியல்படி எழுதி, இன்னொன்று வேறு பட்டியல்படி வாசித்தால் குழப்பம்தான். ஆங்கிலத்துக்கே இது உண்டு. நம்ம கணினியில் பெரிய ‘ஏ’ எழுத்துக்கு எண் 65. ஐபிஎம் ஏஎஸ்/400 போன்ற நடுத்தரக் கணினிகளில் அதே எழுத்துக்கு 193. அதனால் ஒரு கோப்பை அங்கே ஏற்றும்போது, அது எந்தப் பட்டியல்படி எழுதியது என்ற அடையாளமும் சரியாக இருக்கணும். யுடிஎஃப்-8 கோப்புக்கு அந்த அடையாள எண் 1208.

தமிழில் பட்டியல்கள் இன்னும் அதிகம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. வானவில், பாமினி எழுத்துருக்களுக்குத் தனித்தனிப் பட்டியல். 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இன்று நம்ம போன் வாசிப்பது யூனிகோடு.

கோப்பு சரியாகத் தெரியலைன்னா, முதல்ல என்ன தெரியுதுன்னு பாருங்க.

ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய எழுத்துரு. யூனிகோடு மாற்றி மூலம் மீட்கலாம்.

கட்டம் கட்டமாக இருந்தால் பெரும்பாலும் கோப்பு நல்லாத்தான் இருக்கு. உங்க கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

வரிசையாகக் கேள்விக்குறி இருந்தால் கவனம். தமிழ் இல்லாத பட்டியலுக்கு மாற்றிச் சேமித்ததால் எழுத்துகளே போயிருக்கும். மாற்றியால் மீட்க முடியாது, மூலக் கோப்பைத்தான் கேட்டு வாங்கணும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் ஒண்ணு உண்டு. செங்கோட்டையை எடுத்துக்குங்க. அதில் உள்ள ‘கோ’வில் வரும் துணைக்கால், ‘ர’ மாதிரியே இருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’வைத் தட்டிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினி தேடும்போது அந்தப் பெயர் கிடைக்காது. பட்டாவிலோ சான்றிதழிலோ இப்படி ஆனால் அலைச்சல் நமக்குத்தான்.

அதனால் சில பழக்கங்கள்:

• இ-சேவை மையத்தில் ‘சமர்ப்பி’ அழுத்தும்முன் பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகப் படிச்சுப் பாருங்க.

• எக்செல் பட்டியலை சிஎஸ்வி ஆக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதையே தேர்ந்தெடுங்க.

• அனுப்பும்முன் வேறொரு போனில் திறந்து பாருங்க. மூலக் கோப்பை அழிக்காதீங்க.

• ஆதார் எண், வங்கி விவரம் உள்ள கோப்பை முன்பின் தெரியாத இணைய மாற்றியில் ஒட்டாதீங்க.

• குறுஞ்செய்தியைச் சுருக்கமாக எழுதுங்க. ஆங்கிலத்தில் 160 குறிகள் இடம்பெறும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 இடம்தான். ‘குற்றாலம்’ என்ற ஒரே சொல்லுக்கு 9 இடம் போயிடும்.

அறிவிப்பு அனுப்பும் குழு நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘தடை’ என்ற சொல்லை முதல் வரியிலேயே வைங்க. அது மட்டும் சரியாகத் தெரிஞ்சாலே ஒரு குடும்பம் அருவிக்கரையிலிருந்து விலகி நிற்கும்.