பொறுமை என்னும் பெயர்

ஆங்கிலேயர் பெண்மக்களுக்கு இட்டு வழங்கிய பெயர்களுள் 'பேஷன்ஸ்' என்பது ஒன்று. பொறுமை என்பது அதன் பொருள். துன்பத்தைத் தாங்குதல் என்னும் கருத்துடைய இலத்தீன் வினையினின்றும் அது பிறந்தது. தமிழிலும் 'பொறை' என்னும் சொல் பொறுமையையும் சுமையையும் ஒருங்கே குறித்தலை நேயர்கள் ஈண்டு நினைத்தல் தகும்.

சமயச் சீர்திருத்தத்தின் பின்னர், புனிதர் பெயர்களை விரும்பாத தூய்மைவாதிகள் நற்குணங்களையே பெயர்களாக்கினர். அவர்களினும் கடுமையான பிரிவினருள் ஒருவரான வில்லியம் புரூஸ்டர், புதல்வியர் இருவர்க்குப் பொறுமை, அச்சம் எனப் பெயரிட்டார். அச்சமாவது இறையச்சம். இளைய புதல்வர்க்கோ அன்பு என்றும் மற்போர் என்றும் பெயர்!

1620இல் பெற்றோர் 'மேபிளவர்' கப்பலில் அவ்விளைஞரை மட்டும் உடன்கொண்டு அமெரிக்கா சென்றனர். மூத்த மகன் மறுவருடம் சென்று சேர்ந்தான். பெண்கள் இருவரும் 1623இலேயே 'ஆன்' என்னும் கப்பலேறிப் பெற்றோரைக் கண்டனர். பெயரிட்ட நாளில் இக்காத்திருப்பை எவர்தாம் எண்ணியிருப்பார்?

அடுத்த ஆண்டிற் பொறுமை, தோமஸ் பிரென்ஸ் என்பாரை மணந்தாள். 1634இல் அவர் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரானார். அவ்வாண்டே அவள் மறைந்தாள். அவள் ஈன்ற பெண்களுள் ஒருத்தியின் பெயர் இரக்கம்.