மக்கள்தொகைக் கணக்கும் நமது சரக்கும்

(பொம்மையார்பாளையத்தில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



விளைவிப்பதில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். விற்பதில்தான் இடர்ப்படுகிறோம். மணிலாவைச் செக்கிலிட்டு எண்ணெயாக்கி விற்கலாம், கருவாட்டைப் பொட்டலமாகக் கட்டி விற்கலாம் என்று குழுக்கள் கடன் கேட்டு வருகின்றன. யார் வாங்குவார்கள் என்று வினவினால், “எல்லாரும் வாங்குவார்கள்” என்பதே விடை. இவ்விடையை நம்பிக் கடன் வாங்கினால், எண்ணெய் தேங்கினாலும் தவணை தேங்காது.

யார் வாங்குவார் என்பதற்கு நம் கைக்கெட்டிய தூரத்திலேயே ஓர் ஏடு உள்ளது. அதுவே மக்கள்தொகைக் கணக்கு. எந்த ஊரில் எத்தனை குடும்பம், படித்தவர் எத்தனை பேர், உழுபவர், விவசாயக் கூலி செய்பவர் எத்தனை பேர் என்பது அதில் கிராமவாரியாக உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின் வீட்டுப் பட்டியல் கூரை எதனால் ஆனது, வங்கிக் கணக்கு உண்டா, தொலைக்காட்சி, கைப்பேசி, இருசக்கர வண்டி உண்டா என்பதையும் கேட்டது. பிரிட்டனில் ரிச்சர்டு வெப்பர் என்பவர் இத்தகைய புள்ளிகளை வைத்தே, ஒத்த வாழ்க்கையுடைய தெருக்களை ஓரினமாகச் சேர்க்கும் முறையை 1970-களில் வகுத்தார். நம் நாட்டுச் சந்தை ஆய்வாளர்களும் 2011-இல் ஒரு முறை வகுத்தனர். குடும்பத்தில் தலையாய சம்பாத்தியம் உடையவரின் கல்வியையும், 11 உடைமைகளில் எத்தனை உண்டு என்பதையும் கொண்டு குடும்பங்களை அது தரம் பிரித்தது. அந்தப் பதினொன்றில் மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றோடு விவசாய நிலமும் ஒன்று! நகரத்து நிறுவனங்கள் நம்மை இவ்வளவு நுணுக்கமாக எண்ணி வைத்திருக்க, நாம் அவர்களை எண்ணாதிருப்பது நியாயமா?

ஆயினும் இவ்வேட்டை வரைபடம் இன்றிப் படித்தால் நட்டமே மிஞ்சும். நம் பொம்மையார்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்திற்கு 2011-இல் மக்கள்தொகை 34,58,873. இந்த எண்ணைப் பார்த்து மகிழ்கிறவர், 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சியும் இதில் அடங்கும் என்பதை மறந்துவிடுகிறார். 1991-ஆம் ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றாலோ தென்னார்க்காடு மாவட்ட ஏட்டில் தேட வேண்டும். ஏனெனில் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-இல்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ளவர் நம்மிடம் எண்ணெய் வாங்க வரப்போவதில்லை. நம் சரக்கை வாங்கக்கூடியவர் யார்? தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே போனால் காலாப்பட்டு. அதுவும் புதுச்சேரி ஆட்சிப் பகுதியே. அவர்களுடைய கணக்கு நம் மாவட்டக் கையேட்டில் ஒரு வரியும் இராது. புதுச்சேரிக்கெனத் தனிக் கையேடு உண்டு. சரக்கு எல்லையைப் பார்ப்பதில்லை, கணக்கு ஏடு பார்க்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுச்சேரி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 9,50,289. குடும்பத்திற்கு 4 பேர் என்று கொண்டால் ஏறத்தாழ 2,37,000 குடும்பங்கள். பாகூர் முதலிய தொலைவான ஊர்களும் இதில் உண்டாதலால் அனைவரும் நமக்கு எட்டக்கூடியவர் அல்லர். ஆகவே ஆயிரத்துக்கு ஒரு குடும்பமே வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 237 குடும்பம், மாதம் 2 லிட்டர் வீதம் 474 லிட்டர். 100 கிலோ மணிலாப் பருப்பில் 40 கிலோவுக்குச் சற்று முன்பின்னாக எண்ணெய் இறங்கும் எனில், மாதத்திற்கு ஒரு டன்னுக்குச் சிறிது மேற்பட்ட பருப்பு வேண்டும். மாதம் 25 நாள் ஆட்டினால், நாளொன்றுக்கு 45 கிலோ அளவு. இதற்கு ஒரு செக்குப் போதும். இரண்டு செக்குக்குக் கடன் கேட்டு வரும் குழுவிடம் நாம் இக்கணக்கைத்தான் நீட்டுவோம். பிறகு, நகரில் எந்த வார்டில் வண்டி மிகுதி என்று பார்த்து, முதலில் அங்கே கொண்டு செல்லலாம்.

ஏட்டில் அகப்படாத சிலவும் உண்டு. கிராமவாரிச் சுருக்கத்தில் தொழில் நான்கு பிரிவே: உழுபவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், ஏனையோர். விடியுமுன் கடலுக்குப் போகும் நம் மீனவர், மேசை முன் அமரும் உத்தியோகஸ்தருடன் “ஏனையோர்” பிரிவில் அமர்ந்துவிடுகிறார்! வலை, பனிக்கட்டி, படகு இயந்திரம் விற்க நினைப்பவர் இந்த ஏட்டைப் பார்த்தால் இங்கே மீனவரே இல்லை என்று எண்ணிவிடுவார். அவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்த மீனவர் கணக்கைப் பார்க்க வேண்டும். அதேபோல, சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற வெளியூர்க்காரர் எவரும் நம் ஊர்க் கணக்கில் இல்லை. அவர்கள் இங்கே வசிப்பவர் அல்லரே. கணக்கும் பழையது, 2011-இல் ஆறு வயதுக்குள் இருந்த குழந்தைகள் அடுத்த கணக்கின்போது 16 முதல் 22 வயதினர். அவர்கள் வாங்குவதை அவர்கள் தாயார் வாங்கியதை வைத்து ஊகிக்க இயலாது.

அடுத்த கணக்கெடுப்பிற்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து மத்திய அரசு 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வெளியிட்டது. உள்ளதைச் சொன்னால் வரி ஏறுமோ, ரேஷன் போகுமோ என்று அஞ்சி வண்டியை மறைப்பவர்களும், தொழிலை மாற்றிச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. இவ்வச்சம் தேவையற்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஒருவரது விவரத்தை எவரும் பார்க்கவோ, வழக்கில் சாட்சியமாகக் காட்டவோ இயலாது. கூட்டிய எண்களே வெளிவரும். அந்த எண்களில் நம் ஊர் வறண்டு காட்சியளித்தால், வங்கியும் வியாபாரியும் நம்மைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுவிற்கு இருவர் வீதம் வரும் சனி, ஞாயிறு இரு நாளும் காலை 7 முதல் மாலை 6 வரை சாலையோரம் அமர்ந்து, நிற்கும் வண்டிகளைக் குறித்துக்கொள்ளட்டும்: எந்த ஊர்ப் பதிவு எண், எத்தனை பேர், என்ன வாங்கினார்கள். கோடிட்ட நோட்டுப் புத்தகங்களை நம் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமையே பெற்றுக்கொள்ளலாம். புதுச்சேரிக் கையேட்டின் வார்டு பட்டியலை நாம் நகலெடுத்து வைத்திருப்போம்.