பட்டா கேட்ட பாதிரியார்கள்



அம்பத்தூரிலிருந்து ரயிலேறி, ஆவடி தாண்டி, திருவள்ளூரில் இறங்கினால் பக்கத்தில்தான் ஈக்காடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஊழியம் செய்தவர் வில்லியம் கவுடி. ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த வெஸ்லியன் பாதிரியார். சேரி சேரியாகப் போனார். அங்கே பண்ணையில் கட்டுண்டு உழைத்த படியாட்களுக்கு உழ நிலம் இல்லை. அதைவிடக் கொடுமை, குடிசை நின்ற மண்ணையே மிராசுதார் தனதென்றார். கூலி கூட்டிக் கேட்டவன் அன்றைக்கே வீட்டை இழக்கலாம். அப்படிப்பட்ட மனிதனிடம் பரலோக வாசஸ்தலத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தால் அது அன்பாகுமா?

கவுடி அதோடு நிற்கவில்லை. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் நிற்கவில்லை. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து, அதாவது விண்ணப்பம், போட்டாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த அநியாயத்தை இருவரும் அரசாங்கத்தின் முன் வைத்தார்கள்.

அன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் சேரி மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் அங்கேதான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அந்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

அந்த நிலம் பெரும்பாலும் கைமாறிவிட்டது. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் பக்கம் காரணையில் அதை மீட்கப் போராடியவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். நம் சபைகளில் எத்தனை பிரசங்கங்களில் அந்தப் பெயர் ஒலித்திருக்கிறது?

நம் பகுதியில் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. புதுச் சபைகளும் எழும்புகின்றன. ஆலயம் கட்ட இடம் பார்க்கும் கமிட்டியாரே, அட்வான்ஸ் கொடுக்குமுன் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். பழைய அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அது பஞ்சமி நிலம் என்றிருந்தால் வாங்காதீர்கள். உரியவர் யாரென்று தேடி, அவர் மனு எழுதும்போது அவரோடு நில்லுங்கள்.