நாடாவில் பட்ட வாய்



பம்பாய்ப் பஞ்சாலைகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால் பலரும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, 1982 வேலைநிறுத்தம். இன்னொன்று, "மில்லுக்குள்ள ஏதுங்க சாதி? எல்லாரும் தொழிலாளிதான்." இந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனத்தை 1854இல் தொடங்கியவர் பார்சி வணிகர் கவாஸ்ஜி தாவர். பிறகு பரேல், லால்பாக், வொர்லி எங்கும் புகைபோக்கிகள் எழுந்தன. கொங்கணிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்தவர்கள் 'சால்' எனப்படும் ஒற்றை அறை வரிசைகளில் குடியேறினார்கள். மகர் மக்களும் வந்தார்கள். அண்ணல் அம்பேத்கரே பரேலில் அப்படியொரு சாலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். அதில் தார் தீர்ந்தால் புதிய தாரைப் போட்டு, நாடாவின் துளையில் வாய்வைத்து நூல்முனையை உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் எச்சில் பட்டதில் நாங்கள் வாய்வைப்பதா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அவ்வளவுதான், நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவின் கதவு நம் மக்களுக்கு அடைபட்டது. குறைந்த கூலியுள்ள நூற்புப் பிரிவில் நின்றார்கள். இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன்முன் யார் நிற்பது என்பதை ஊர்த்தெரு முடிவுசெய்தது.

1928இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள், இல்லையேல் ஆதரவில்லை என்றார் அம்பேத்கர். தலைவர்கள் தயங்கித்தான் சேர்த்தார்கள். இது எங்களால் நேர்ந்த அநீதி இல்லை என்றார்கள் முதலாளிகள். அதில் உண்மை இருந்தது என்பதுதான் நமக்கு வலி.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்றது 1991 விதி. காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று 2001இல் திருத்தினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பீனிக்ஸ் மில் இன்று பீனிக்ஸ் மால்.

இந்த இழப்புக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் ஒரு கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர், "நாடா கதையைக் கிளறினால் தொழிலாளர் ஒற்றுமை கெடும்" என்றார். ஐயா, அது கெட்ட இடமே அந்த நாடாதான். கெட்ட இடத்தைச் சொல்லாமல் எப்படிச் சேர்ப்பது?

தாதரில், சைத்யபூமிக்குப் பக்கத்தில், இந்து மில் நிலத்தில் அண்ணலுக்கு நினைவகம் எழுகிறது. உயரமான சிலை வரட்டும். அதன் காலடியில் ஒரு பழைய நாடாவையும் வையுங்கள். அதில் யார் வாய்வைக்கக் கூடாது என்றிருந்தது என்பதையும் எழுதிவையுங்கள்.