கிட் விலையை எதனால் வகுப்பது?

லேப் உரிமையாளர்களும் டெக்னீஷியன்களும் கூடியிருக்கும் இந்த அவையில் தலைமையுரை நீண்டால் முதல் கட்டுரையாளரின் நேரம்தான் போகும். ஆகவே ஒரே விஷயத்தைச் சொல்லி அமர்கிறேன்.

தானியங்கிக் கருவி வாங்கினால் லேப் பிழைக்கும் என்று வெளியே ஸ்டால் போட்டிருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ் மெல்லிய குழாய்க்குள் சாம்பிள்களை வரிசையாக ஓடவிட்டார். ஒன்றோடொன்று கலக்காதபடி இடையிடையே காற்றுக்குமிழியை நுழைத்தார். டெக்னிகான் நிறுவனம் 1957இல் அதை ஆட்டோஅனலைசர் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களில் ஜப்பானின் கொச்சி மருத்துவக் கல்லூரியில் (கேரளத்துக் கொச்சி அல்ல) மசாஹிதே சசாகி கன்வேயர் பெல்ட்டும் ரோபோக்களும் வைத்து லேப் முழுவதையுமே தானாக ஓடவிட்டார். அங்கெல்லாம் வேலை பெருகியது, ஆள் போதவில்லை, இருக்கிற ஆளுக்குச் சம்பளமும் அதிகம். கருவி வந்ததும் சம்பளச் செலவு குறைந்தது, கணக்கு நேரானது.

நம் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. டி.எம்.எல்.டி. முடித்த பிள்ளைக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தை இந்த மேடையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதில் இரண்டு பேரைக் குறைத்து யாரும் நிமிர்ந்துவிட முடியாது. நம் பணத்தைத் தின்பது ரீஏஜெண்ட். அதிலும் நோயாளிக்குப் போய்ச் சேராத ரீஏஜெண்ட்.

தைராய்டுக்கான ஒரு டி.எஸ்.எச். கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டெஸ்ட் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. திறந்து கருவியில் ஏற்றிவிட்டால் 28 நாள்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் தினமும் இரண்டு லெவல் கண்ட்ரோல் ஓட்டினால் 56 டெஸ்ட் போயிற்று. காலிப்ரேஷனுக்கு ஒரு 4. மிச்சம் 40. நாளைக்கு ஒரு நோயாளிதான் வருகிறார் என்றால் 28 ரிப்போர்ட். மீதி 12 கழிவுத் தொட்டிக்கு. விற்பனைப் பிரதிநிதி கிட் விலையை 100ஆல் வகுத்துக் காட்டுவார். நாம் வகுக்க வேண்டியது 28ஆல். அதே கருவிக்கு நாளொன்றுக்கு 60 பேர் வந்தால் இரண்டு கண்ட்ரோல் கணக்கிலேயே தெரியாது. இந்தச் சுமை தாங்காமல் சிலர் கண்ட்ரோலை வாரத்துக்கு ஒருமுறை ஆக்கிவிடுகிறார்கள். அது சிக்கனம் அல்ல, நோயாளியின் தலையில் கட்டுவது.

அடுத்து, கருவியை இலவசமாகத் தருகிறோம், ரீஏஜெண்ட்டை மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்கிற ஒப்பந்தம். கருவியின் விலை எங்கும் போகவில்லை, ஒவ்வொரு டெஸ்டின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாதம் இத்தனை டெஸ்ட் என்று கையெழுத்துப் போட்டபின் ஆள் வராவிட்டாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். வேறு கம்பெனி ரீஏஜெண்ட் அந்தக் கருவியில் ஏறாது. வரியையும் சேர்த்துப் பாருங்கள். நோய் கண்டறியும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால், வாங்கும் பொருளுக்கு நாம் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதுவும் அடக்கச் செலவுதான். 2025 செப்டம்பரில் ரீஏஜெண்ட் வரி 5 சதவீதமாகக் குறைந்தது சற்று ஆறுதல்.

இதையெல்லாம் தலைகீழாகப் போட்டவர் கோவைப் பக்கத்துக்காரர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாக இருந்த ஆ. வேலுமணி, 1996இல் மும்பையில் தைரோகேரைத் தொடங்கினார். தைராய்டு டெஸ்டைப் பிடித்துக்கொண்டார். ஊர் ஊராகச் சாம்பிள் எடுப்பவர்களைச் சேர்த்து, டியூப்களை இரவு விமானத்தில் மும்பைக்கு வரவழைத்தார். கருவி சும்மா நிற்காமல் பார்த்துக்கொண்டதால்தான் விலையை அவ்வளவு கீழே இறக்க முடிந்தது. சாம்பிள் சேர்ந்த பிறகு கருவி பெருத்தது. நாம் கருவியை வாங்கி வைத்துவிட்டுச் சாம்பிளுக்காக வாசலைப் பார்க்கிறோம்.

நம் லேப்களில் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கூட்டம் நெரியும். பதினொன்றரைக்கு மேல் அனலைசரும் ஏ.சி.யும் யூ.பி.எஸ்.ஸும் ஓடுகின்றன, சாம்பிள் இல்லை. அடுத்த தெருவிலும் அதே கதை. சர்க்கரை, எலக்ட்ரோலைட், ட்ரோபோனின் அவரவர் இடத்தில் இருக்கட்டும். அவை காத்திருக்க முடியாதவை. டி.எஸ்.எச்., வைட்டமின் டி போன்றவற்றை ஐந்தாறு லேப்கள் ஓரிடத்தில் சேர்த்து ஓட்டினால் என்ன? போட்டி வாசலில் இருக்கட்டும், கருவியில் வேண்டாம். ஆனால் பக்கத்து லேப்காரருக்கு என் சாம்பிள் எண்ணிக்கை தெரிந்துவிடுமே என்ற பயம் இருக்கிறதே, அதுதான் எந்தக் கருவியையும்விட அதிக விலை.

தானியக்கம் என்றாலே பெரிய கருவி என்றும் நினைக்க வேண்டாம். லேப் தவறுகளில் பாதிக்கு மேல் சாம்பிள் கருவிக்குள் போகும் முன்பே நடந்துவிடுகின்றன. மார்க்கர் பேனாவால் ‘லட்சுமி’ என்று எழுதிய இரண்டு டியூப்கள் ஒரே ரேக்கில் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரத்தம் எடுத்த இடத்திலேயே ஒட்டும் பார்கோடு அந்தக் குழப்பத்தை முடித்துவிடும். ரத்த அணு உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அதை அனலைசரே அளந்து கொடி காட்டும் வசதி பல கருவிகளில் இருந்தும் அணைத்தே வைத்திருக்கிறோம்! ஒரு ரிப்பீட் என்றால் இன்னொரு ஊசி, இன்னொரு டியூப், இரண்டாம் முறை ரீஏஜெண்ட், முகம் சுளிக்கும் நோயாளி. அதுபோலத்தான் ஆட்டோ வெரிஃபிகேஷனும். கண்ட்ரோல் சரி, கொடி இல்லை, முந்தைய ரிப்போர்ட்டோடு பெரிய வித்தியாசம் இல்லை என்றால் ரிப்போர்ட் தானாக வெளியேறும். சந்தேகமானதை மட்டும் டாக்டர் பார்ப்பார். விதிகளை எழுதி, சோதித்து, கையெழுத்திட வேண்டியவர் அந்த டாக்டர்தான். அந்த உழைப்பைச் சாஃப்ட்வேர்காரர் தலையில் போட முடியாது.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு டெஸ்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று ஸ்லைடில் போடும்போது, எதை எதனால் வகுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கண்ட்ரோல், ரிப்பீட், காலாவதியானது எல்லாவற்றையும் கழித்து, நோயாளி கைக்குப் போன ரிப்போர்ட் எண்ணிக்கையால் வகுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவையிலிருந்து யாராவது எழுந்து கேளுங்கள். தலைவர் தடுக்க மாட்டார். முதல் அமர்வு தொடங்கட்டும்.